மூன்று பனங்கட்டைக் கத்திகளைத் தேடி

நீங்கள் பொய் சொன்னீர்கள். தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னீர்கள். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டு வீடியோ போடுகிற உங்களைத்தான் சொல்கிறேன். உங்கள் பெயரை எழுதப் போவதில்லை. இதைப் படித்தால் உங்களுக்கே தெரியும்.

பதினோரு நிமிட வீடியோவில் நான்கு நிமிடம் என் கத்தியைக் காட்டினீர்கள். அலகில் வரிசையாக மூன்று துருப் புள்ளிகள். நுனியில் ஒரு கறுப்பு வளையம். "தஞ்சாவூர்ல கையால செஞ்ச கத்தின்னு சொல்லி, காயலான் கடை இரும்புக்குப் பாலிஷ் போட்டு விக்கிறாங்க மக்களே. இதுல நறுக்கின காயைச் சாப்பிட்டா உடம்பு என்ன ஆகும்?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு அடுத்த நிமிடமே வேறொரு கம்பெனியின் எவர்சில்வர் கத்திகளை மேசையில் பரப்பி விளம்பரம் செய்தீர்கள்.

காயலான் கடை இரும்பு என்பது உண்மை. நான் மறைத்ததே இல்லை. லாரியில் கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டையைத்தான் வாங்குகிறேன். நல்ல எஃகு அது. வெட்டி, தேய்த்து, சூடேற்றி, எண்ணெயில் முக்கிப் பதம் போட்டால் கூர் நிற்கும். ஆனால் எவர்சில்வர் மாதிரி கிடையாது. ஈரம் பட்டு நின்றால் துருப்பிடிக்கும்.

என் பெயர் எஸ்தர். தஞ்சாவூரில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் பதினேழு வருடம் ஒர்க்‌ஷாப்பில் பாடம் எடுத்தேன். மாணவர்கள் போன பிறகு தேய்ந்த அரங்களை எடுத்துக் கத்தி செய்து பார்ப்பது என் பழக்கம். முதலில் எனக்கு, பிறகு கூட வேலை பார்த்தவர்களுக்கு, பிறகு சர்ச்சில் கேட்டவர்களுக்கு. இந்த ஜூனில் வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டேன். நான்கு மாதம் நன்றாகப் போனது. உங்கள் வீடியோ வந்த வாரத்தில், ஆர்டர் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். அதற்கடுத்த வாரம் வேண்டாம் என்று சொல்லக்கூட ஆளில்லை.

பாலிடெக்னிக் தாளாளர் போன் செய்தார். "உங்க இடம் இன்னும் காலியாத்தாம்மா இருக்கு. திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுருவோம்." அவர் சொன்னது புதன்கிழமை.

என் கத்தி உண்மையிலேயே மோசமென்றால் திரும்பிப் போய்விடுவதுதான் நியாயம். அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் காட்டிய கத்திக்குப் பனங்கட்டையில் பிடி, அதில் மூன்று பித்தளை ஆணி. அந்த மாதிரி நான் மூன்றே மூன்றுதான் செய்திருக்கிறேன். ஒன்று வலங்கைமானில், ஒன்று கோடியக்கரையில், ஒன்று சீர்காழியில். மூன்று பேருக்கும் போன் போட்டேன். முதல் இருவரும் வரச் சொன்னார்கள். சீர்காழிக்காரர் எடுக்கவே இல்லை. வியாழக்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

பையில் ஒரு சாணைக்கல், எண்ணெய்ப் புட்டி, எமரித் தாள், செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கத்திகள். கும்பகோணம் தாண்டியதும் சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். குறுவை அறுத்து முடிகிற நேரம். எதிரே அறுவடை மெஷின் ஒன்று சாலையை முழுக்க அடைத்துக்கொண்டு வந்தது. டிரைவர் பிரேக் போட்ட வேகத்தில் என் பை சீட்டிலிருந்து விழுந்து, செய்தித்தாள் பிரிந்து, ஒரு கத்தி நடுவழியில் சறுக்கிப் போய் நின்றது.

பக்கத்தில் இருந்த பெண் இரண்டு காலையும் சீட் மேல் தூக்கிக்கொண்டார். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, யாரை வெட்டப் போறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணலை" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணே, அவங்ககிட்ட டிக்கெட் கேக்காம விட்ருங்க!"

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்துப் பெண் மட்டும் காலை இறக்கி, கத்தியை வாங்கிப் பார்த்து, "கருணைக்கெழங்கு நறுக்குனா கை நோவாதுல்ல?" என்று கேட்டார். நோகாது என்றேன். எங்கே கிடைக்கும் என்று அவர் கேட்டார். வீடியோவைப் பார்த்திருப்பாரோ என்று சந்தேகம். "தஞ்சாவூர்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாலு மாதத் தொழிலில் என் சரக்கை நானே மறைத்தது அன்றைக்குத்தான்.

வழியில் கொள்முதல் நிலையத்தில் நெல் மலைமாதிரிக் கிடந்தது. மேலே தார்ப்பாய், அடியில் தண்ணீர். ஒவ்வொரு வருடமும் மழை வருகிறது, ஒவ்வொரு வருடமும் மழை வந்தது அதிகாரிகளுக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது.

வலங்கைமானில் கலியமூர்த்தி மாஸ்டர் கல்யாணச் சமையல்காரர். ஒரு மண்டபத்தின் பின்கட்டில் மறுநாள் விசேஷத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அடுப்பை விட்டு எழுந்து வந்தார்.

"வாங்க டீச்சர். சாப்ட்டுட்டுத்தான் பேச்சு."

"கத்தியைப் பாத்துட்டுச் சாப்பிடறேன்."

"அது வீட்டுல சாமிகிட்ட இருக்கு. மத்தவன் கை படக் கூடாதுன்னு வச்சிருக்கேன்."

வீடு பக்கத்திலேயேதான். கூட்டிக்கொண்டு போனார். சாமி படங்களுக்குக் கீழே பலகையில் என் கத்தி படுத்திருந்தது. அலகில் சந்தனம், அதன் மேல் குங்குமம், வரிசையாக மூன்று பொட்டு. நுனியில் ஒரு எலுமிச்சம்பழம் செருகி, அது காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்தது. பூஜை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"மத்ததை எல்லாம் மறுநாளே எடுத்துட்டேன். இது புதுசுல்ல, கொஞ்ச நாள் இருக்கட்டும்னு விட்டேன்."

நான் பழத்தை உருவினேன். நுனியில் கறுப்பு வளையம். சந்தனத்தைத் துணியால் துடைத்தேன். பொட்டு இருந்த இடத்தில், பொட்டு அளவுக்கே வட்டமாகத் துரு. மூன்று பொட்டு, மூன்று துரு. வீடியோவில் பார்த்த அதே கத்தி என்று நினைத்தேன்.

"உங்ககிட்ட யாராவது வீடியோ எடுக்க வந்தாங்களா மாஸ்டர்?"

"என்னைய எவன் எடுக்கிறான்? ஆயிரம் பேருக்குச் சாம்பார் வைக்கிறேன், ஒரு பய திரும்பிப் பாக்கறதில்ல."

கத்தி வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்றார். அப்படியானால் இது வேறு கத்தி, அதே துரு. பூஜைக்கு வைத்த மற்றக் கத்திகளையும் எடுத்து வந்து காட்டினார். எல்லாம் எவர்சில்வர். ஒன்றும் ஆகவில்லை.

"எல்லாத்துக்கும் ஒரே சந்தனந்தான் வச்சேன். உங்க கத்திதான் கோவிச்சுக்குது" என்றார்.

மாஸ்டர் மேல் எனக்குக் கோபமில்லை. என் மேல்தான் கோபம். நாங்கள் லுத்தரன் திருச்சபைக்காரர்கள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. ஆனால் பதினேழு வருடம் ஒர்க்‌ஷாப்பில் பூஜை நடப்பதைப் பார்த்திருக்கிறேன். லேத்துக்குப் பொட்டு, டிரில்லிங் மெஷினுக்குப் பொட்டு, பெஞ்சில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பட்டறைப்பிடிக்குக்கூடப் பொட்டு. பொரியும் சுண்டலும் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவேன். மெஷினுக்கெல்லாம் பெயின்ட்டும் கிரீஸும் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. விற்க ஆரம்பிக்கும் முன் கத்தியைப் புளியில் ஊற வைத்துச் சோதித்தேன், தக்காளியில் வைத்துச் சோதித்தேன், உப்புத் தண்ணீரில் போட்டேன். இந்த ஜில்லாவில் இரும்பு வைத்திருக்கிற பாதிப் பேர் வருடத்துக்கு ஒரு முறை அதற்கு ஈரச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் குத்தி, ஒரு ராத்திரி முழுக்கத் தொடாமல் விடுவார்கள் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

எமரித் தாளை எண்ணெயில் நனைத்து அரை மணி நேரம் தேய்த்தேன். துரு போய்விட்டது. ஆழமாக இறங்கவில்லை. அலகை ஒரு தடவை சாணைக்கல்லில் காட்டி, கத்தியைப் பலகையில் வைத்தேன். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள், எனக்கு இருக்கிற சண்டையே போதும். மாஸ்டர் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பினார். ஒரு முழு வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிந்தார். நார் இழுக்கவில்லை. "இதைப் போயி சாமிகிட்ட தூங்க விட்டேனே" என்றார். அதன் பிறகுதான் நான் சாப்பிட்டேன். வத்தக்குழம்பும் வாழைப்பூப் பொரியலும். கல்யாணச் சாப்பாட்டை விட, முந்தின நாள் சமையல்காரர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்கிற சாப்பாடு நூறு மடங்கு நன்றாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை கோடியக்கரை. போகப்போகத் துருதான் கண்ணில் பட்டது. பஸ் ஜன்னல் கம்பி துரு. பள்ளிக்கூடக் கேட் துரு. சைக்கிள் ரிம் துரு. இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், மேட்டில் கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியல். தஞ்சாவூர்க் காற்றில் வியர்வைதான் வரும். இங்கே உதட்டை நக்கினால் உப்பு. இந்த ஊருக்கா ஸ்பிரிங் பட்டைக் கத்தியை அனுப்பினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பஸ் வேறு ஊருக்குள் நுழையும் முன்பே நின்றுவிட்டது. முன் டயரில் காற்றில்லை. "மானு கீனு குறுக்க வரும், பாத்து நடங்க" என்று டிரைவர் இறக்கிவிட்டார். மான் வரவில்லை. மாடுதான் வந்தது.

நூர்ஜஹான் கருவாட்டு வியாபாரம் செய்கிறார். கணவர் துபாயில் இருக்கிறார். நான் போனபோது ஜும்மா தொழுகை நேரம் என்று கடையைச் சாத்தியிருந்தார்கள். வீட்டுக்குள் கூட்டிப் போய், கேட்பதற்கு முன்னால் கத்தியைக் கொண்டுவந்து எதிரே வைத்தார்.

அலகு சாம்பல் நிறமாக மாறியிருந்தது. நல்ல எஃகு புழங்கப் புழங்க அப்படித்தான் ஆகும். துரு ஒரு புள்ளிகூட இல்லை. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்ன தேடுறீங்க?"

"துரு."

"எதுக்கு இருக்கணும்? வேலை முடிஞ்சதும் கழுவித் தொடச்சு தேங்காண்ணெ தடவிருவேன். உப்புக் காத்துல குடித்தனம் பண்றவளுக்கு இரும்பைப் பத்தி நீங்க சொல்லணுமா? எங்க மாமியா தலைக்கு எண்ணெ வைக்கிறாங்களோ இல்லியோ, அருவாமணைக்கு வச்சிருவாங்க."

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது: "எல்லாம் காதுல விழுவுது."

பிடியைப் பார்த்தேன். நான் ஒரு நாள் முழுக்க மெருகேற்றிய பனங்கட்டைப் பிடி வெளியே தெரியவே இல்லை. வலை பின்னுகிற நூலை இறுக்கமாகச் சுற்றிவைத்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது.

"பிடியை ஏன் மூடிட்டீங்க?"

"வழுக்குதும்மா. பாக்க அழகாத்தான் இருக்கு. மீன் வழவழப்போட பிடிச்சா கையில நிக்கல. ஒரு நாள் நழுவிக் கால்கிட்ட விழுந்துச்சு. அன்னைக்கே சுத்திட்டேன்."

பிறகு பீரோ மேலிருந்து என் அட்டைப் பெட்டியை எடுத்துவந்தார். பத்திரமாக வைத்திருந்தார். கறுப்பு அட்டை, தங்க எழுத்தில் என் பட்டறைப் பெயர். அதைத் திறந்து கவிழ்த்துத் தட்டினார்.

"பொட்டி கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. உள்ள ஒரு வார்த்தை இல்ல. சோப்புத்தூள் பாக்கெட்டுல கூட எப்படித் துவைக்கணும்னு எழுதுறான். நீங்க டீச்சர்தானே? ஒரு சீட்டு எழுதி வச்சா என்ன?"

அவர் கேட்டது நியாயம். பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருந்தபோது நான் யாருக்கும் கத்தியை ஒன்றும் சொல்லாமல் கொடுத்ததில்லை. எதிரே உட்கார வைத்து, ஈரத்தோடு வைக்காதே, எலுமிச்சை அரிந்தால் உடனே கழுவு, எண்ணெய் தடவு என்று கழுத்தறுப்பேன். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது அடுக்களைக்குள் புகுந்து பார்த்துவிட்டும் வருவேன். தொழிலாக ஆனதும் கத்தி பெட்டிக்குள் போனது, பெட்டி கொரியரில் போனது. பெட்டியின் எழுத்து எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வாரம் யோசித்தேன். வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததைக் காகிதத்தில் எழுதத் தோன்றவில்லை. வேலையை விட்டுத் தொழில் தொடங்குகிறவர்களுக்குப் போட்டோ எப்படி எடுப்பது, விளம்பரம் எப்படிச் செய்வது என்றெல்லாம் சொல்லித் தருகிறார்கள். அந்த வகுப்புகளில் நானும் உட்கார்ந்தேன். வாங்கியவர் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சாப்பிடாமல் விடவில்லை. நெத்திலிக் கருவாடு வறுத்து, கத்திரிக்காய் போட்ட புளிக்குழம்பு. மூன்று முறை சோறு வாங்கினேன். "கோவக்காரங்க நல்லா சாப்பிடுவாங்க" என்றார் மாமியார். இந்த வீட்டிலும் ஆயுத பூஜை கிடையாது, என் வீட்டிலும் கிடையாது. உப்பளத்துக்கு நடுவில் துருப்பிடிக்காத கத்தி. எஃகில் குறையில்லை என்று அங்கேதான் எனக்கு உறுதியானது. நீங்கள் காட்டியது சீர்காழிக் கத்தி என்பதும் உறுதியானது.

அன்று நாகப்பட்டினத்தில் அத்தை வீட்டில் தங்கிவிட்டு, சனிக்கிழமை சீர்காழிக்குப் போனேன். விடிந்ததிலிருந்து மழை. சம்பா நட்ட வயல்களில் நாற்றின் தலை மட்டும் தெரிந்தது. பஸ் கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. ஒருவர் உள்ளேயே குடையை விரித்துக்கொண்டார். "உள்ளாற குடை பிடிச்சா குடும்பத்துக்கு ஆகாதுங்க" என்றார் ஒருவர். "நனைஞ்சா எனக்கு ஆகாது" என்றார் குடைக்காரர்.

சீர்காழியில் மெஸ் நடத்துகிற அக்கா அவர். பெயரையும் கடையையும் எழுத மாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கடையில் உட்கார இடமில்லை. வாசலில் ஒரு கூட்டம் மழையில் காத்துக்கொண்டிருந்தது. சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவர் அரிவாள்மணையில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"தஞ்சாவூரா?" என்றார்.

"ஆமா. போன் எடுக்கலையே நீங்க."

"எடுத்தா என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் எடுக்கல."

கூட்டம் குறைகிறவரை ஒரு ஓரத்தில் உட்கார வைத்தார். மூன்று மணிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். நான் ஒரே கேள்விதான் கேட்டேன். கத்தி எங்கே?

"அந்தத் தம்பிகிட்ட. விஜயதசமி அன்னைக்குக் காலையில வந்தாரு. அப்பத்தான் படையலைக் கலைச்சேன். சாப்பாட்டை எடுத்தாரு, அடுப்பை எடுத்தாரு, சாமிகிட்ட கத்தியைப் பாத்துட்டு இது என்னக்கா புதுசா இருக்குன்னாரு. தஞ்சாவூருல ஒரு டீச்சர் செய்யறாங்கன்னு நான்தான் பெருமையாச் சொன்னேன். கையில எடுத்தாரு. டிஷ்யூ பேப்பரால பொட்டைத் தொடச்சாரு. கீழ துரு."

"தொடச்சது அவரா, நீங்களா?"

"அவருதான். துருப் புடிச்சிருக்கேக்கான்னாரு. நான் சொன்னேன், நேத்துப் பூசைப்பா, ஈரச் சந்தனம் ராத்திரி பூரா இருந்துச்சுல்ல, எலுமிச்சம்பழம் வேற குத்தியிருந்தேன், இரும்பு அப்படித்தான் ஆவும், சாம்பல் போட்டுத் தேச்சா போயிரும்னு சொன்னேன்."

"கேமரா ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

"என் முந்தானையில மைக்கைக் குத்திவிட்டுத்தானே கேட்டாரு. சூப்பர்க்கான்னு சிரிச்சாரு. நல்ல வெளிச்சத்துல தனியா எடுக்கணும், ரெண்டு நாள்ல கொரியர்ல அனுப்பிடறேன்னு கத்தியை வாங்கிட்டுப் போனாரு. இன்னும் வரல. நான் அரிவாமணைக்கே திரும்பிட்டேன்."

போனை வெளியே எடுத்தேன். இதை நீங்களே கேமரா முன்னால் சொல்லுங்கள், நான் போனில் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார்.

"ரெண்டு வருசம் ஈ ஓட்டுனேன். என் சாப்பாட்டைப் பத்தி அவரு தனியாப் போட்ட வீடியோவாலதான் இந்தக் கூட்டம். நான் உங்க பக்கம் பேசுனா இன்னொரு வீடியோவுல என்னையும் முடிச்சிருவாரு. உங்களுக்குத் திரும்பிப் போக ஒரு காலேஜு இருக்கு. எனக்கு இந்த அடுப்புதான்."

"அப்ப நான் பொய்க்காரியாவே இருக்கணுமா?"

குரலை உயர்த்திவிட்டேன். எழுந்தும் விட்டேன். அக்கா அசையவில்லை. இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, "சாப்ட்டுட்டுக் கோவப்படுங்க" என்றார். கோலா மீன் குழம்பு. மெஸ் பற்றிப் போட்ட வீடியோவில் நீங்கள் அதைப் புகழ்ந்தது உண்மைதான். அதில் பொய்யில்லை.

சாப்பிடும்போது யோசித்தேன். என் பிழைப்பைக் காப்பாற்ற அந்த அக்காவின் பிழைப்பைப் பணயம் வைக்கச் சொல்கிறேன். நீங்கள் பார்வையாளர்களுக்காக என்னை வைத்ததும் அதே பணயம்தான். கை கழுவிவிட்டு வந்து, கேமரா வேண்டாம், நான் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. அவருக்கு நான்தான்னு தெரியும். தெரியட்டும். ஊருக்குத் தெரிய வேணாம்."

பையிலிருந்த கத்திகளில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். வேண்டாம் என்றார். அவருடையது திரும்பி வருகிறவரை இருக்கட்டும் என்றேன். எடுத்துக்கொண்டார். அடுத்த பூஜைக்குப் பொட்டை எங்கே வைப்பது என்று அவரே கேட்டார். இரண்டு பேரும் பேசி, பிடியில் வைத்தால் போதும், சாமி கோபித்துக்கொள்ளாது என்று முடிவு செய்தோம். லுத்தரன்காரி இதில் கருத்துச் சொன்னது அதுவே முதல் தடவை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தாளாளரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லுங்கம்மா என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். இனி ஆர்டர் வருமா என்று எனக்குத் தெரியாது. வராமலும் போகலாம்.

என் தப்பை முதலில் எழுதுகிறேன். கத்தியோடு ஒரு சீட்டு வைக்காதது என் தப்பு. மீன்காரர்கள் கையில் நிற்காத பிடியைப் போட்டது என் தப்பு. இதுவரை வாங்கிய ஒவ்வொருவருக்கும் எப்படிப் பராமரிப்பது என்று கையால் எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். துருப்பிடித்த கத்தி யாரிடம் இருந்தாலும் என்னிடம் கொடுங்கள், தேய்த்துத் தருகிறேன். இதை என் பெயரைப் போட்டு, எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதியிருக்கிறேன்.

நான் விசாரிப்பது எப்படியோ உங்கள் காதுக்கு எட்டியிருக்கிறது. நேற்று ராத்திரி நீங்கள் எனக்கு அனுப்பிய செய்தியையும் பார்த்தேன். "அக்கா டென்ஷன் ஆகாதீங்க, தனியாப் பேசிக்கலாம், நம்பர் அனுப்புங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். அனுப்ப மாட்டேன். தனியாகப் பேச நமக்குள் ஒன்றும் இல்லை. என்னைப் பொய்க்காரி என்று நீங்கள் தனியாகச் சொல்லவில்லை.

சீர்காழி அக்கா மைக்கில் சொன்னது உங்களிடம் இருக்கிறது. வேறு யாரிடமும் இல்லை. அவர் முகத்தைக் காட்ட வேண்டாம், குரலையும் போட வேண்டாம். நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்தக் கத்தி முந்தின நாள் பூஜையில் இருந்ததா இல்லையா? பொட்டைத் துடைத்தது யார்? துரு எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொன்னார்களா இல்லையா? சொன்னதை ஏன் வெட்டினீர்கள்? அந்தக் கத்தி இப்போது எங்கே?

ஐந்து கேள்விகள். ஐந்துக்கும் அதே சேனலில், அதே மேசையில் உட்கார்ந்து, அதே ஆட்களைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.